கசக்கக் கூடாது

கையெழுத்துக்கு முன்னாலேயே
கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.
மைனஸ் ஆறரை.
மூக்குக்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்தால்
படிவம் ஒவ்வொரு சொல்லாகத் தெரியும்,
வாக்கியமாகத் தெரியாது.
'வறட்சி' படித்தேன். 'ஒளிவட்டம்' படித்தேன்.
'அரிதாக' நிறைய இடத்தில் இருந்தது.
அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நூறில் ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரலாம்மா,
என்று சொல்லியிருந்தாள் கவுன்சிலர்
பிளாஸ்டிக் கண்ணைத் திறந்து மூடியபடி.
நூறு பேர் எனக்குப் பழக்கம்.
நைட் ஷிப்ட் முடிந்து திருவொற்றியூர் பஸ்ஸில்
தினமும் நாங்கள் நூறு பேர்.
அன்று படிக்கட்டிலிருந்து டிரைவர் சீட் வரை
முகம் முகமாகப் பார்த்தேன்
யார் அந்த ஒருத்தர் ரெண்டு பேர் என்று.
ஐடி கார்டைக் கடித்தபடி தூங்கும் செக்யூரிட்டி.
மீன்கூடைக்கும் டிக்கெட் வாங்கிய அக்கா.
என்னை எண்ணவில்லை.

மணலி காஸ் வாடை தெரியும்.
காசிமேட்டில் ஐஸ் உருகி ஓடும் தண்ணீர் வாடை தெரியும்.
கொடுங்கையூர்க் குப்பை எரிகிற ராத்திரி
காற்று எந்தப் பக்கம் என்று
போர்வைக்குள்ளிருந்தே சொல்வேன்.
பச்சைப் புள்ளியையே பாருங்க என்றார்கள்.
பார்த்தேன். முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை.
எங்கிருந்து என்று தேடி
என்னிடமிருந்துதான் என்று விளங்க
கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் எதிர் பிளாக் நாலாவது மாடியில்
கொடியிலிருந்த க்ளிப்புகளை எண்ணினேன்.
பதினொன்று. ஒன்று மட்டும் மஞ்சள்.
பொய் சொல்ல மாட்டேன், அழகாக இருந்தது.

ராத்திரிதான்.
யார்டு விளக்கு ஒவ்வொன்றுக்கும்
யாரோ சாமந்தி மாலை சுற்றியிருந்தார்கள்.
டிரெய்லர் திரும்பினால்
ஹெட்லைட் ரோட்டைவிட அகலம்.
பெட்டி எண் நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
மூன்றுக்கு ஒரு நிழல், எட்டுக்கு ஒரு நிழல்,
நிழல் இரண்டும் ஒன்று.
கடைசி இலக்கம் காவல்காரன்.
கணக்கு இடித்தால் ஸ்கிரீன் சிவக்கும்.
மார்கழியில் மட்டும் பத்துத் தடவை சிவந்தது.
"கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினேன்னு சொன்னியே?"
என்றார் சூப்பர்வைசர் பர்ணபாஸ்.

டாக்டர் அறையில் வெளிச்சம் நல்ல வெளிச்சம்.
சார்ட்டின் கடைசி வரிவரை படித்தேன்.
நல்லா இருக்கு, ஆறு மாசம் பார்ப்போம்.
மேலே வெட்டின மூடி
பழையபடி கெட்டியா ஒட்டாது, கசக்கக் கூடாது.
எத்தனை நாளைக்கு சார்?
கசக்காம இருக்குறது நல்லது, என்றார்.
நாள் சொல்லவில்லை.
எண்ணூர்ச் சாம்பலிடம் இதை யார் போய்ச் சொல்வது.

ஆபரேஷன் பணத்தில் பாதி
தேசப்பன் சித்தப்பா கொடுத்தது.
அவர் போனபோது புளியந்தோப்பில்
மேளச் சத்தத்துக்கு நடுவே நின்றேன்.
கண்ணுக்குள் மணல். ஒரு சொட்டு இல்லை.
சுவர்ப் பக்கம் திரும்பி
பையிலிருந்த மருந்தை ரெண்டு ரெண்டு சொட்டு விட்டேன்.
கன்னத்தில் இறங்கியது.
அதைப் பார்த்து அத்தை என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள்.
நான் துடைக்கவில்லை.
துடைப்பதும் கசக்குவதில் சேருமோ என்று பயம்.

எப்சிபாவும் நானும் ஒரே நாளில்தான் டெஸ்ட்டுக்குப் போனோம்.
உனக்குக் கருவிழி மெலிசு, வேண்டாம், என்று
அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.
பேசின் பிரிட்ஜ் மேல் பஸ் நின்றபோது
கண்ணாடியின் உள்பக்கம் நனைய அழுதாள்.
தேற்றினேன்.
தேற்றும்போது உள்ளே கடுகளவு சந்தோஷம் இருந்தது.
அதற்கும் படிவத்தில் ஒரு வரி விட்டிருக்கலாம்.

இப்போது ரெண்டாம் நம்பர் கேட்டில்
இருவருக்கும் ஒரே ஷிப்ட்.
அவள் படிப்பாள், நான் அடிப்பேன்.
"மூணு இல்லடி, எட்டு. நல்லா கேளு, எட்டு."
ஸ்கிரீன் பச்சை.
நடுவில் பனி படிந்தால்
கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியால் துடைப்பாள்.
அந்த ஐந்து நொடி கேட்டில்
யாருக்கும் எதுவும் தெரியாது.
டிரெய்லர்க்காரன் ஹார்ன் அடிக்கிறான்.